பால் பொங்கிய வண்டி

புது வண்டியின் கதவைத் திறந்துவிட்டு விற்பனைக்காரர், "உள்ளே வாருங்கள், சின்யோரா" என்று கையை நீட்டியபோது நான் ஏறவில்லை. வாசலில் நின்றபடியே தலையை மட்டும் உள்ளே நீட்டி மணந்து பார்த்தேன். புதுப் பலகை மணம், பசை மணம், பிளாஸ்டிக் மணம் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு மணமும் இருந்தது. காயப்போட மறந்துபோன துவாயின் மணம்.

"ஈரம் மணக்குது," என்று என் கணவரின் காதுக்குள் சொன்னேன்.

"புதுசு எண்டால் அப்பிடித்தான் மணக்கும்."

"புதுசு ஏனப்பா பழசு மாதிரி மணக்குது?"

"உமக்கு மூக்கிலையும் சந்தேகம்," என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே ஏறிப் போனார். விற்பனைக்காரரும் என்ன ஏதென்று விளங்காமலே கூடச் சேர்ந்து சிரித்தார். காரணம் தெரியாமல் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

நான் அப்படித்தான். கடையில் முட்டை வாங்கினால் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பேன். பேருந்தில் பக்கத்தில் இருக்கிறவர் நேரம் கேட்டால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நேரம் சொல்லுவேன். என் கணவர் நேர் எதிர். காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்பார். பத்து நிமிடம் ஒருவரோடு பேருந்தில் போனால், இறங்கும்போது அந்த ஆளுக்கு எங்கள் குடும்பக் கதை முழுவதும் தெரிந்திருக்கும். இந்த மனிதரின் வாயில் எதுவும் தங்காது. நான் கண்ணிலே எண்ணெய் விட்டுக்கொண்டு காத்த எத்தனையோ விஷயங்களை அவர் சந்தோஷத்தில் வாயைத் திறந்து கொட்டிவிட்டு வந்திருக்கிறார்.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே இத்தாலியில் அதைக் காம்பர் என்பார்கள். கட்டில், குசினி, கக்கூஸ், அலுமாரி எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. வசதியான ஆட்கள் கோடை விடுமுறைக்குக் கடற்கரை கடற்கரையாகப் போய்வர வாங்குவது. பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிற இரண்டு யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது என்னத்துக்கு என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். முகத்துக்கு நேரே கேட்டவர்கள் கொஞ்சப் பேர். முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர் என்பதை நானே ஊகித்துக்கொண்டேன்.

எங்களுக்கு வீடு இல்லை. இதைச் சொன்னால் ஏதோ தெருவில் நின்றோம் என்று நினைக்கக்கூடாது. நான் லிபெர்த்தாவில் ஒரு சின்யோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் இருபத்து நாலு மணிநேரமும் தங்கி வேலை செய்கிறேன். குசினிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை. என் கணவர் ஒரேத்தோப் பக்கம் நடக்கமுடியாத ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்குகிறார். கிழவரின் அறைக்கு வெளியே ஒரு மடக்குக் கட்டில்தான் அவருடைய இடம். மகள் எங்களோடு இருந்தவரைக்கும் வாடகை வீடு வைத்திருந்தோம். அவள் கலியாணம் கட்டி ஜெர்மனிக்குப் போனபிறகு அந்த வீட்டை விட்டுவிட்டு இரண்டு பேரும் தங்கிச் செய்கிற வேலைக்குப் போனோம். வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எங்களுக்கு லீவு.

அந்த லீவில் புருஷனும் பெண்சாதியும் எங்கே இருப்பது? வெயில் காலத்தில் கடற்கரைப் புல்லில் இருந்தோம். மழைக்குத் தெரிந்தவர்களின் வீடுகளுக்குப் போனோம். அவர்களும் எவ்வளவுக்குத்தான் எங்களைப் பொறுப்பார்கள்? அவர்களுடைய கதிரையில் இருந்து, அவர்களுடைய பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, நானும் அவரும் கதைக்கவேண்டிய கதையை வாயைப் பொத்திக்கொண்டு கதைப்போம். ஒரு வியாழன் மழையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றுவிட்டு, ஒரு கதையும் கதைக்காமல் அவரவர் வேலை வீட்டுக்குத் திரும்பிப் போனோம். அன்று பேருந்தில் எனக்கு அழுகை வந்தது. கட்டின புருஷனோடு கள்ளக் காதல் செய்கிற மாதிரி இது என்ன சீவியம் என்று இருந்தது.

கிழமையில் ஒன்றரை நாளுக்கு மட்டும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பூட்டிவைக்க எங்களால் முடியாது. அப்போதுதான் அவர் இந்தக் காம்பர் யோசனையைக் கொண்டுவந்தார். நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருக்கிற ஒரு மனிதரிடம் அவர் முன்பு பழம் பிடுங்கப் போனதுண்டு. அந்த மனிதர் தன் முற்றத்து மூலையில் வண்டியை நிறுத்தலாம் என்றார். தண்ணீர்க் குழாயும் கரண்டும் தந்தார். பழைய வண்டி வாங்கலாம் என்று என் கணவர் சொல்ல, நான்தான் மறுத்தேன். பழசு என்றால் என்ன நோயோடு வருமோ என்று எனக்குச் சந்தேகம். புதிது வாங்கினால் இரண்டு வருட வாரண்டி இருக்கும், கூரையிலோ சுவரிலோ தண்ணீர் ஒழுகினால் அவர்களே செய்து தருவார்கள் என்று எழுத்தில் இருந்தது. சேர்த்தது எல்லாவற்றையும் அதில் போட்டோம்.

சுவரில் ஒரு ஆணி அடித்தாலும் வாரண்டி போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் பிள்ளையார் படத்தையும் இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின் படத்தையும் ஒட்டுத் துண்டால்தான் ஒட்டவைத்தேன். எந்தப் பக்கமிருந்து ஆபத்து வரும் என்று பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் அடைத்தேன்.

வண்டி வந்த நாளில் எங்களுக்குள் ஒரு சண்டை. "வண்டி எண்டால் தேசிக்காய்," என்று அவர் நாலு சில்லுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்தார். "படுக்கிறதும் சமைக்கிறதும் இதுக்குள்ளை எண்டால் இது வீடு. வீடு எண்டால் பால் காய்ச்சவேணும்," என்றேன் நான். கடைசியில் இரண்டையும் செய்தோம். சியாகுல்லி ஒழுங்கைகள் ஒடுக்கம் என்பதால் விற்பனைக்காரர்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தேசிக்காய் நசுங்குவதைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்டார். பிறகு நான் அடுப்பில் சட்டியை வைத்துப் பால் ஊற்றியபோது கைபேசியால் வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"இது என்ன வழக்கம்?" என்று கேட்டார்.

என் கணவருக்குக் கேட்கவேண்டுமா? "இது எங்கள் வீடு," என்று இத்தாலியனில் தொடங்கினார். "எங்கள் ஆட்கள் புது வீட்டுக்குக் குடிபோகும்போது முதலில் பால் காய்ச்சிப் பொங்கவிடுவோம். பால் பொங்கினால் அந்த வீட்டில் எல்லாம் பொங்கும்."

"அழகு! அழகு! காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்."

அவர் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார். "இது எங்கள் வீடு. நாங்கள் இதில் குடிபோகிறோம்." அவருடைய கண் கலங்கியிருந்தது. பால் பொங்கி அடுப்பின் விளிம்பால் வழிந்து கீழே இழுத்துத் திறக்கிற லாச்சிப் பக்கம் இறங்கியது. நான் துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே விற்பனைக்காரரைப் பார்த்தேன்.

அவர் போனபிறகு, "ஏன் ரெண்டுதரம் சொல்லச் சொன்னவன்?" என்று கேட்டேன்.

"காத்துச் சத்தம் எண்டு சொன்னவரே."

"கதவு சாத்திக் கிடக்கு. உள்ளை என்ன காத்து?"

"இஞ்சாரும், இண்டைக்கு ஒரு நாளாவது சும்மா இரும்," என்றார்.

அந்த வீடியோ அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் வந்தது. ஜெர்மனியிலிருந்து மகள் அழைத்து, "அப்பா நடிகர் ஆகிட்டார்," என்று சிரித்தாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கிழவருக்குக்கூடப் போட்டுக் காட்டினாராம்.

அந்தச் சந்தேகத்தையும் மறந்துபோகிற அளவுக்கு எனக்குச் சந்தோஷம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வியாழன் மத்தியானம் சின்யோராவின் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி சியாகுல்லிக்குப் போவேன். தோட்டத்துக்குள் நடக்கும்போதே கைப்பைக்குள் திறப்பைத் தடவிப் பார்ப்பேன். என்னுடைய கதவு, என்னுடைய திறப்பு. உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் கட்டிலில் இருப்பேன். அவர் வருவார். நான் புட்டு அவிப்பேன். அவர் உரத்த குரலில் கதைப்பார், நான் உரத்த குரலில் ஏசுவேன். எங்களுக்கு உரத்துக் கதைக்க இடம் கிடைத்திருந்தது. அவர் குறட்டை விடுவார். பழைய வாடகை வீட்டில் அந்தக் குறட்டைக்காக எத்தனை தரம் முழங்கையால் இடித்திருப்பேன். இங்கே நான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

முதல் மாரியில் சின்னச் சின்ன வில்லங்கங்கள் வந்தன. லாச்சி பூட்டுப்படாமல் வழுக்கி வந்தது. கதவு ஒரு பக்கம் தொங்கியது. பிறகு கட்டிலுக்கு மேலே, கூரைச் சன்னலுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவில் ஒரு மங்கல் கறை தெரிந்தது. அவர் சன்னலைத் திறந்துவிட்டுப் போயிருப்பார் என்று முதலில் அவரைச் சந்தேகித்தேன். தோட்டத்துக்காரர் மரத்துக்குத் தண்ணீர் விடும்போது மேலே அடித்திருப்பாரோ என்று அவரையும் சந்தேகித்தேன். பிறகு ஒரு கதிரையில் ஏறி நின்று கறையை மணந்து பார்த்தேன். முதல் நாள் வாசலில் நின்று மணந்த அதே மணம். இது எங்கள் கைக்கு வரமுதலே இருந்திருக்கிறது, மேலே எதையோ பூசி மறைத்துத் தந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அன்றைக்கே பென்சிலால் கறையைச் சுற்றிக் கோடு கீறிவைத்தேன்.

விற்பனைக்காரர் அனுப்பிய திருத்துகிறவன் வந்தான். சிரித்த முகத்துப் பொடியன். கூரையில் ஏறி ஏதோ வெள்ளைப் பசையைப் பூசிவிட்டு, எல்லாம் சரி என்றான். "நீங்கள் உள்ளே நிறையச் சமைப்பீர்களோ? ஆவி பிடித்தாலும் இப்படிக் கறை வரும்," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குச் சொல்லப்போகிற சாட்டுப்போக்கை இன்றைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான் என்று தோன்றியது. "அந்தப் பொடியனிலும் சந்தேகமோ?" என்று அவர் கேட்டார். "ஓம்," என்றேன்.

இரண்டாம் மாரியில் மழை எங்களை விடவில்லை. கறை பென்சில் கோட்டைத் தாண்டி சுவர் வழியாக இறங்கியது. விரலால் அமத்தினால் சுவர் பஞ்சாக உள்ளே போனது. மெத்தையின் தலைமாட்டில் பூஞ்சணம் பிடித்தது. அடுப்பும் எரிகிற மாதிரி எரிந்து அணைந்தது. ஒரு ஞாயிறு இரவு மழை பெய்யப் பெய்ய, கட்டிலில் இரண்டு பேருக்கும் நடுவே புட்டுப் பானையை வைத்துக்கொண்டு படுத்திருந்தோம். சொட்டுச் சத்தத்தில் அவருக்குக் குறட்டைகூட வரவில்லை.

நான் விற்பனைக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அந்தப் பொடியன் திரும்பவும் வந்தான். இந்த முறை அவன் கூரையைப் பார்க்கவில்லை. அடுப்பைக் கழற்றினான். அடியில் காய்ந்து மஞ்சளாகிப்போயிருந்த பாலைப் படம் எடுத்தான். என் செருப்பு, அவருடைய சாரம், சாமிப்படம், மாப்பெட்டி எல்லாவற்றையும் படம் எடுத்தான்.

"ஒழுகுவது மேலே. நீ கீழே என்ன தேடுகிறாய்?" என்று கேட்டேன்.

"முதலாளி எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்," என்றான்.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. வண்டி விடுமுறைப் பாவனைக்காக விற்கப்பட்டது, ஆனால் வாங்கியவர்கள் அதை நிரந்தர வீடாகப் பாவிக்கிறார்கள், ஆகவே வாரண்டி செல்லாது என்று இருந்தது. ஆதாரம் என்ன? வாங்கியவரே தன் வாயால் சொன்ன வீடியோ. "இது எங்கள் வீடு. நாங்கள் இதில் குடிபோகிறோம்."

கடிதத்தை வாசித்துவிட்டு அவர் அதை மடியில் வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் கடிதத்தை எடுத்து மடித்து வைத்தேன். ஒருவன் இவருடைய சந்தோஷத்தைப் பிடித்துவைத்து, தேவைப்பட்ட நேரத்தில் எடுத்து இவர் தலையிலேயே போட்டிருக்கிறான்.

"நான் சந்தோசத்திலைதானே சொன்னனான்," என்றார்.

"ஓம். அதைத்தான் அவன் எடுத்தவன்," என்றேன்.

என் சின்யோராவிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். எழுபது தாண்டிய மனுஷி. கெட்டவர் இல்லை. ஆனால் நான் வியாழக்கிழமைகளில் இவ்வளவு சந்தோஷமாக எங்கே போகிறேன் என்று அவருக்கு எப்போதும் ஒரு கேள்வி இருந்தது.

"இதில் என்ன கஷ்டம்? நீ என் வீட்டில்தானே இருக்கிறாய்? உன் பதிவும் இந்த முகவரியில்தானே இருக்கிறது?" என்றார். "உன் வீடு இதுதான் என்று நானே எழுதித் தருகிறேன். அது சும்மா விடுமுறை வண்டி என்று சொல்லிவிடு."

சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. உதவி செய்கிற திருப்தியா அல்லது வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எழுதித் தந்த கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவரைப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக் கொடுத்தேன். "ஆர் கேட்டாலும் இது வீடில்லை எண்டு சொல்லுங்கோ. கோடைக்குக் கடற்கரைக்குப் போற வண்டி. அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "எனக்கு அது வாயிலை வராது," என்றார்.

"ஏன் வராது? ஒரு வசனம்."

"நீர் பால் காய்ச்சினனீர். நான் பொங்கினதைப் பாத்தனான். பிறகு வீடில்லை எண்டு என்னெண்டு சொல்லுறது?"

"வாரண்டி கிடைச்சால்தான் இது வீடு. இல்லையெண்டால் அடுத்த மாரிக்கு இது குப்பை."

அது சரிதான் என்று அவருக்கும் தெரியும். கடைசியில், நான் கதைப்பது, அவர் வாயைத் திறக்காமல் நிற்பது என்று முடிவு செய்தோம். சாமிப்படங்களைக் கழற்றினோம். செருப்புகளையும் மாப்பெட்டியையும் பையில் போட்டுத் தோட்டத்துக்காரரின் கொட்டிலில் வைத்தோம். அவருடைய சாரத்தை நான் மடித்தபோது அவர் வெளியே போய் நின்றார்.

நாங்கள் அனுப்பிய முறைப்பாட்டுக்காக, வண்டி செய்கிற தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்தார். வட இத்தாலிக்காரர், வடக்கத்தி ஆள், கதை குறைவு. விற்பனைக்காரரும் வந்திருந்தார். மண்டரின் பிடுங்குகிற காலம் முடியவில்லை, மரத்தில் பழம் கிடந்தது. வடக்கத்தியார் தோட்டத்துக் குழாயை எடுத்துக் கூரைக்குத் தண்ணீர் அடிக்கச் சொன்னார். நான் உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் பானையோடு நின்றேன். சன்னல் விளிம்பிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. பிறகு நூலாக விழுந்தது. அவர் உள்ளே வந்து, பானையையும் பார்த்து, சுவரையும் அமத்திப் பார்த்துவிட்டு, "இது செய்தபோதே வந்த பிழை," என்று தானாகவே சொன்னார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

விற்பனைக்காரர் உடனே கைபேசியை நீட்டினார். வண்டிக்குள் என் கணவரின் குரல் கேட்டது. இரண்டாம் தரம் சொன்ன, சத்தமான குரல்.

"சின்யோரா, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?" என்று வடக்கத்தியார் கேட்டார்.

"லிபெர்த்தாவில், என் சின்யோராவின் வீட்டில்." கடிதத்தைக் கொடுத்தேன். "இவர் ஒரேத்தோவில். இது விடுமுறைக்கு மட்டும்."

"உங்கள் கணவர் இதை வீடு என்கிறாரே?"

"அவருடைய இத்தாலியன் அவ்வளவுதான்," என்றேன். "வண்டி என்று சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டார்."

"பால்?"

"எங்கள் ஆட்கள் புதிதாக எதை வாங்கினாலும் பால் காய்ச்சுவார்கள். தையல் மெஷின் வாங்கினாலும் காய்ச்சுவார்கள்."

வாய் கூசாமல் சொன்னேன். எங்கள் இரண்டு பேரில் நல்ல இத்தாலியன் கதைக்கிறவர் அவர்தான். எனக்குப் பத்திரம் நிரப்புவதும் கடிதம் வாசிப்பதும் அவர்தான். அவர் வாசலுக்கு வெளியே நின்று ஒரு மண்டரின் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததைச் சாப்பிடவில்லை.

வடக்கத்தியார் கடிதத்தைத் திருப்பித் தந்தார். அடுப்புக்குள் பால் போனது எங்கள் பிழை, அதற்கு வாரண்டி இல்லை. கூரையும் சுவரும் தொழிற்சாலையின் பிழை, விடுமுறைப் பாவனைதான் என்பதால் திருத்திக் கொடுக்கவேண்டும் என்றார். நான் வென்றுவிட்டேன். விற்பனைக்காரரின் முகம் கறுக்கும் என்று பார்த்தேன். அவர் சிரித்தார்.

"நல்லது. அப்படியென்றால் வண்டியை நாங்கள் எடுத்துக்கொண்டு போகிறோம்," என்றார். கைபேசியில் ஏதோ தட்டினார். "எங்கள் இடத்தில் வேலை அதிகம். வீடாகப் பாவிக்கிறவர்கள் என்றால் அவசரம் என்று முன்னுக்குப் போடுவேன். உங்களுக்கு விடுமுறைக்கு மட்டும்தானே, சின்யோரா? அக்டோபரில் செய்து தரலாம்."

"அக்டோபருக்கு முன்னமே வாரண்டி முடிந்துவிடும்."

"எழுதின வேலையைச் செய்வோம். அதற்குப் பிறகு புதிதாக எது வந்தாலும் உங்கள் செலவு."

வடக்கத்தியாரைப் பார்த்தேன். அவர் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அங்கேதான் இருக்கிறோம், எங்களுக்கு வேறு இடம் இல்லை, இன்றைக்கே செய்து தாருங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இப்போது சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். இவன் என்னை இந்த மூலைக்குக் கொண்டுவரத்தான் முதலில் அந்தக் கடிதத்தை அனுப்பினானோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வழக்குப் போடலாம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். இந்த வாயை வைத்துக்கொண்டு எந்தக் கோட்டில் போய் நிற்பது?

ஞாயிற்றுக்கிழமை பெரிய வண்டி ஒன்று வந்து எங்கள் காம்பரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. முற்றத்து மூலையில் சில்லுத் தடமும் காய்ந்த நிலமும்தான் மிச்சம். கொட்டிலில் கிடந்த பைகளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பேருந்துக்கு நடந்தோம். அவர் புட்டுப் பானையையும் படங்களையும் பிடித்திருந்தார். நான் தலையணைகளைப் பிடித்திருந்தேன்.

"இதுகளை எங்கை வைக்கிறது?" என்று கேட்டார்.

"உங்கடை அறையிலை கொஞ்சம் வையுங்கோவன்."

"என்ரை மடக்குக் கட்டில் எல்லோ. நீர் சொன்ன வீடு பெரிசுதானே, அங்கை வையும்."

அவருக்குக் குத்திக் கதைக்கத் தெரியாது. இடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொன்னார். அது தெரிந்ததால்தான் எனக்குத் தாங்கமுடியவில்லை. "உங்கடை இத்தாலியனைப் பற்றி நான் சும்மா சொன்னது," என்றேன். "தெரியும்," என்றார்.

லிபெர்த்தாவில் சின்யோராவின் கட்டடத்து வாசல்வரைக்கும் வந்தார். மேலே அவர் ஒருநாளும் வந்ததில்லை. வேலைக்காரியின் புருஷன் வருகிற இடம் இல்லை அது. பானையையும் படங்களையும் என் கையில் தந்தார். தலையணைகளில் ஒன்று அவருடையது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை அவரிடம் நீட்டினேன். கிழவரின் வீட்டில் தனக்குத் தலையணை இருக்கிறது என்று வாங்க மறுத்தார். நான் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் தோளால் தள்ளினேன்.

"இஞ்சாரும்," என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்.

திரும்பினேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. அவர் படிக்குக் கீழே, இரண்டு கையும் வெறுமையாக நின்றார்.

"வியாழக்கிழமை நான் எங்கை வாறது?"